முழுக்கோடும் விட்டகோடும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், ஆண்டகளூர்க்கேட்டைக் கடந்து புதுச்சத்திரத்தை அடையும் பிரயாணிக்கு, அந்தச் சமவெளியில் வண்டியை நிறுத்திப் பார்க்கும்படியான விசேஷம் எதுவும் இருப்பதாகத் தோன்றாது. மரவள்ளிக் காடுகளும் சோளக்கொல்லைகளும், வரிசை வரிசையாக நீண்டு கிடக்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளும், அவற்றின் நடுவே ஆங்காங்கே வாய் திறந்து கிடக்கும் ஆழக் கிணறுகளும், கிழக்கே நீலநிறமாய்த் தெரியும் கொல்லிமலைத் தொடருமே அவர் கண்ணில் படுவன. ஆயினும், பூகர்ப்ப சாஸ்திரத்தை இளங்கலை வகுப்பில் பயிலும் மாணாக்கருக்கு இவ்வூரைப் போன்ற ஒரு நடுவிடம் எளிதில் வாய்க்காது. வடக்கே சேலத்தை அடுத்து மாக்னசைட் விளையும் வெள்ளைக்கல் குன்றுகள்; வடமேற்கே இரும்புத் தாதுவை வரிவரியாகத் தாங்கி நிற்கும் கஞ்சமலை; கிழக்கே சார்னோகைட் பாறையாலான கொல்லிமலை; தெற்கே கோட்டையைத் தலையில் சுமந்து நிற்கும் நாமக்கல்லின் ஒற்றைக் குன்று; தென்மேற்கே சந்திர மண்டலத்தோடு உறவு கொண்டாடும் சித்தம்பூண்டி. இவ்வளவும் ஒரு நாட்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

இத்தகைய பிரதேசத்தில் மாணவர்களை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பது, சென்ற இருபது ஆண்டுகளில் உருமாறிப்போன கேள்வி. முன்பு கையில் சுத்தியலும் காம்பஸும் கொடுத்து வெயிலில் அனுப்பினார்கள். இன்று அதே மாணவர், ஊரை விட்டுக் கிளம்புமுன்பே, செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அந்த மலையைச் சுற்றி வந்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, சரிவின் கோணத்தையும் கணக்கிட்டு விடுகிறார். ஆகவே, இத்தனை தூரம் அலைந்து நேரில் போய்ப் பார்ப்பதற்கு இனி என்ன அவசியம் என்று சிலர் கேட்கிறார்கள். நிலத்தில் நடந்து கற்ற பழைய தலைமுறை ஆசிரியர் சிலரோ, திரையைப் பார்த்துப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று எதிர்க்கேள்வி போடுகிறார்கள். இரு தரப்பாரும் மையமான ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பூகர்ப்பப் படம் என்பது கண்டதும் ஊகித்ததும் ஒரே காகிதத்தில் கலந்து நிற்கும் ஓர் ஆவணம். எது கண்டது, எது ஊகித்தது என்று பிரித்துச் சொல்லும் பழக்கத்தை மாணவருக்கு எந்தச் சாதனம் வளர்க்கிறது, எது கெடுக்கிறது என்பதே விசாரிக்க வேண்டிய சங்கதி.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய முறையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. நிலத்தை அளந்து படம் வரைவதைக் கல்வியாகவே போதிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளையது. சென்னையில் 1794ஆம் ஆண்டு எட்டே மாணவர்களுடன் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802இல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் என்னும் அளவையாளர் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையும், 1851இல் நிறுவப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் அடுத்தடுத்து வந்தன. அத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் இருவர் சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய ஜில்லாக்களின் பாறையமைப்பைப் பற்றி 1864இல் வெளியிட்ட விவரணை, கஞ்சமலையின் இரும்புப் படுகைகளையும் கொல்லிமலையின் பாறைகளையும் முதன்முதலாக முறைப்படுத்திச் சொன்னது. (பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் இதே ஃபுட்தான், அது 1863இல்.) விமானப் படமோ செயற்கைக்கோளோ இல்லாத காலத்தில், கால்நடையாகவும் குதிரைமீதும் அலைந்து அவர்கள் கீறிய எல்லைக் கோடுகளைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்களே ஒழிய, துடைத்தெறியவில்லை.

அவர்கள் வழிவந்த பயிற்சியில் மாணவர் கையில் இருந்தவை நான்கைந்து பொருள்களே: டோப்போஷீட் என்று வகுப்பறையில் வழங்கும் நில அளவைத் துறையின் படம், அதன்மேல் விரிக்கும் படியெடுக்கும் தாள், சுத்தியல், பூதக்கண்ணாடி, பாறை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று அளக்கும் பிரண்டன் காம்பஸ். புதுச்சத்திரம் அடங்கிய தாளின் இலக்கம் 58 ஐ/3. அதன் அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கும் இடத்தைக் கண்ணால் கண்டு, காலால் தொட்டு, கூடவே நடந்தால் அங்கே முழுக்கோடு போட வேண்டும். இங்கே ஒரு பாறை வெளிப்பாடும் அரை மைலுக்கப்பால் இன்னொரு வெளிப்பாடும் கண்டு, இடையிலுள்ளதை யூகித்தால் விட்டுவிட்டுக் கோடு போட வேண்டும். மண்ணும் வண்டலும் மூடி, ஒன்றுமே தெரியாத இடத்தில் புள்ளிக்கோடு. பார்ப்பதற்கு அற்பமான சம்பிரதாயம்போல இருக்கும் இந்த மூன்று கோடுகளில்தான் அந்தச் சாஸ்திரத்தின் ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மலையில் புகை கண்டு நெருப்பை அறிவதை நம் தர்க்க சாஸ்திரிகள் அனுமானம் என்றார்கள். நெருப்பையே கண்டவனையும் புகையை மட்டும் கண்டவனையும் அவர்கள் ஒருபோதும் ஒரே வரிசையில் உட்கார வைக்கவில்லை. பூகர்ப்பப் படத்தில் முழுக்கோடு பிரத்தியட்சம், விட்டகோடு அனுமானம்.

இனிப் புதிய சாதனங்களைப் பார்ப்போம். 1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லாண்ட்சாட்டும், 1988இல் ஏவப்பட்ட நமது ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கே பயன்பட்டன; ஒரு கல்லூரி அவற்றின் படங்களை வாங்குவதென்றால் பணமும் அனுமதியும் வேண்டும். 2005இல் கூகுள் எர்த்தும், 2009இல் இஸ்ரோவின் புவன் தளமும் வந்த பிறகே, சாமானியக் கல்லூரியின் கணினி அறையிலும் பூமியைச் சுழற்றிப் பார்க்க முடிந்தது. 2002இல் தொடங்கி வளர்ந்த க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள், படத்தின்மேல் படம் அடுக்கி எல்லை வரைய உதவியது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி ரேடாரால் அளந்த நில உயரக் கணக்கு, தட்டையான படத்துக்கு மேடு பள்ளம் கொடுத்தது. புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் அத்துறையின் படங்களையே இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முன்பெல்லாம் ஒரு டோப்போஷீட் வாங்குவதற்குத் துறைத்தலைவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போக நேர்ந்தது. 2005இன் தேசியப் படக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் வெளியான தாராள விதிகளும் அந்த இரும்புக் கதவைப் பெரிதும் திறந்துவிட்டன. இவற்றை வேண்டாமென்று சொல்பவர், வேண்டாமென்று சொல்வதற்கு முன் கஞ்சமலையை ஒருமுறை திரையில் பார்க்க வேண்டும்.

ஏனெனில், முப்பரிமாணத்தை மனத்தில் கற்பனை செய்யும் சக்தி எல்லா மாணவருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. சாய்ந்த ஒரு பாறைப் படுகை ஒரு பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கும்போது, அதன் வெளிப்பாடு படத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல வளையும். அந்த முனை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் கொண்டு படுகையின் சாய்வைச் சொல்லலாம். இதை விளக்க ஆசிரியர்கள் காலங்காலமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் களைத்துப் போயிருக்கிறார்கள். திரையில் ஒரு மலையைச் சாய்த்துச் சுழற்றிக் காட்டினால், அதே விதி பலருக்கு நொடியில் விளங்குகிறது. கஞ்சமலையின் இரும்புத்தாதுப் படுகைகள் கிண்ணம்போல உள்நோக்கி மடிந்து, மலையைச் சுற்றிச் செல்வதைத் தரையில் நிற்பவர் ஒருபோதும் ஒரே பார்வையில் காண இயலாது. சேலத்துக்கும் ஆத்தூருக்கும் இடையே ஓடும் பள்ளத்தாக்கு, பூமியின் ஒரு பகுதி மற்றொன்றோடு உராய்ந்து நழுவிய நெடிய வடு என்பதும், அதற்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால்தான் நேர்கோடாகப் புலப்படும். வானத்துக் கண்ணின் பெருமை இது, மறுப்பதற்கில்லை.

அதன் சிறுமையும் இங்கேயே தொடங்குகிறது. திரையில் எதையும் பெரிதாக்கலாம். முப்பது மீட்டர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பதிந்த படத்தை, கை விரல் பருமனுக்குப் பெரிதாக்கி, அதன்மேல் மயிரிழைபோன்ற ஓர் எல்லைக் கோட்டைப் போட்டுவிடலாம்; மென்பொருள் அதை ஆட்சேபிக்காது. காகிதத்தில் பென்சிலின் தடிப்பே மாணவருக்கு ஓர் அடக்கத்தைக் கற்பித்தது: 50 மீட்டருக்குக் குறைந்த எதையும் இதில் காட்ட முடியாது என்று அந்தக் கோடே சொல்லியது. கணினியின் கோட்டுக்கு அத்தகைய வெட்கம் கிடையாது. வண்ணம் நிரம்பி, எல்லை பொருந்தி, அச்சுக்குத் தயாராக வரும் படத்தில் எல்லாக் கோடுகளும் முழுக்கோடுகளாகவே வந்து நிற்கின்றன. விட்டகோடு போட மென்பொருளில் வசதி இல்லாமலில்லை. யாரும் கேட்காததால் மாணவர் போடுவதில்லை, அவ்வளவுதான்.

நேர்கோடுகளின் விஷயம் இதைவிட வேடிக்கையானது. படத்தில் தெரியும் நேர்க்கீறல்களை இனங்கண்டு, அவை பாறையின் விரிசல்களாக இருக்கக்கூடும் என்று குறிப்பது தொலையுணர்வுப் பாடத்தின் முதற்பயிற்சிகளில் ஒன்று. நிலத்தடி நீர் தேடுவோருக்கு அது மிகவும் உபயோகமானது. ஆனால் புதுச்சத்திரத்துச் சமவெளியில் நேராக இருப்பவை விரிசல்கள் மட்டுமா? நெடுஞ்சாலை நேராக இருக்கிறது. மின்கம்பி வழி நேராக இருக்கிறது. வரப்பும் வேலியும் நேராக இருக்கின்றன. நூறு நூறு அடி நீளக் கோழிப்பண்ணைக் கூரைகள் ஒன்றுக்கொன்று இணையாக, எந்தப் பாறை அடுக்கும் பொறாமைப்படும்படி நேராக இருக்கின்றன. சேகோ ஆலைகளின் களத்தில் மரவள்ளி மாவைக் காயவைத்தால், வெள்ளை வெளேரென்ற அந்தச் சதுரத்தைக் கணினி தானாக வகைபிரிக்கும்போது வெங்கச்சங்கல்லோடோ சுண்ணாம்புக்கல்லோடோ சேர்த்துவிடவும் கூடும். அந்த வட்டாரத்தில் பிறந்த மாணவர் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார். சென்னையிலோ வேறொரு தேசத்திலோ உட்கார்ந்து அதே படத்தைப் பார்ப்பவருக்கு அந்தச் சிரிப்பு வர நியாயமில்லை.

ஆகவே நிலத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால், சமவெளியில் பாறை எங்கே தெரிகிறது? செம்மண் மூடிய இந்தப் பூமியில் பாறை வெளிப்பாடு என்பது ஓடையின் கரையிலும், கல்லுடைக்கும் குவாரியிலும், எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிணறுகளிலுமே கிடைக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் கிணறு ஒரு கரும்புள்ளி. அருகே சென்றவருக்கோ, செம்மண்ணில் தொடங்கிச் சுக்கான்கல்லைக் கடந்து, சிதைந்த பாறையில் இறங்கி, கடைசியில் கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய நைஸ் பாறையைத் தொடும் முழு வெட்டுமுகம் அங்கே விரிந்து கிடக்கிறது. கிணற்றுமேட்டில் கொட்டிக் கிடக்கும் கற்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே அடியில் என்ன பாறை என்று தெரிந்துவிடும். மேலும், அக்கிணற்றுக்குச் சொந்தக்காரர் அறிந்தது எந்தத் தளத்திலும் ஏறாதது. “கிணறு வெட்டுனப்போ எத்தனை அடியில பாறை தட்டுச்சுங்க, ஐயா?” என்று மரியாதையாகக் கேட்கும் மாணவியிடம், “இருவது அடி வரைக்கும் மண்ணும் சுக்காங்கல்லுமாத்தான் வந்துச்சு, கண்ணு. அதுக்குக் கீழ வெடி வெச்சுத்தான் எறக்குனோம்” என்பதுபோன்ற ஒரு பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்தில் மண்ணின் கனமும், சிதைவின் ஆழமும், கெட்டிப்பாறையின் தொடக்கமும் அடங்கிவிடுகின்றன. இதைக் குறித்துக்கொண்டு, கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் இடத்தோடு சேர்த்துப் பதிந்து, இவ்வாறு பல கிணறுகளை ஒரு படத்தில் அடுக்கினால், எந்த வானூர்தியும் காணாத ஓர் அடிநிலப் படம் கிடைக்கும். இரண்டு முறைகளும் கைகோர்ப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இதற்குச் செலவும் அநேகமாகக் கிடையாது.

காம்பஸ் பக்கமே சத்தியம் எப்போதும் நிற்கும் என்று நினைப்பதும் பிசகு. கஞ்சமலையிலும் கொல்லிமலையின் சில பகுதிகளிலும் உள்ள இரும்புக்கல், மாக்னடைட் என்னும் காந்தத் தாதுவைக் கொண்டது. அதன்மேல் காம்பஸை வைத்தால் முள் வடக்கை மறந்து பாறையை நோக்கித் திரும்பிவிடும். தற்காலக் கைப்பேசியிலுள்ள காந்தமானிக்கும் இதே கதிதான், அதன் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் இன்னும் மோசம். பழைய ஆசிரியர்கள் சற்று விலகி நின்று, தூரத்துக் குன்றுகளைக் குறிபார்த்துத் திசையைத் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். இத்தகைய இடத்தில் செயற்கைக்கோள் படம் பெரிய உபகாரம் செய்கிறது: படுகை ஓடும் திசையை முள்ளின் தயவின்றிப் படத்திலேயே அளந்துகொள்ளலாம், சாய்வின் கோணத்தை மட்டும் பாறையின்மேல் வைத்து அளந்தால் போதும். புவியீர்ப்பை நம்பும் சாய்வுமானியைக் காந்தம் ஏமாற்றாது. எந்தச் சாதனம் எங்கே பொய் சொல்லும் என்று அறிந்து வைத்திருப்பதும் கல்வியின் ஒரு பகுதி.

சித்தம்பூண்டியின் கதை இந்த உறவை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. அங்கே வளைந்த நாடாவைப்போல நிலத்தில் ஓடும் அனார்த்தசைட் என்னும் வெளிறிய பாறை, குருந்தக்கல்லுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே பேசப்பட்டது; அதில் குரோமைட் படுகைகளும் உண்டு; ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் அதைப்பற்றி எழுதிய ஆய்வுரை உலகெங்கும் இன்றும் எடுத்தாளப்படுகிறது. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களும் இதே இனப் பாறையாலானவை. சந்திரயான்-2க்கான இறங்கு கலத்தையும் உலாவியையும் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணையொத்த மண் இஸ்ரோவுக்கு வேண்டியிருந்தபோது, சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறை கொண்டுபோய்ப் பொடிக்கப்பட்டது; சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை அந்த முயற்சியில் பங்கு கொண்டது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அடுத்து இறங்கியது; அங்கே அதன் உலாவி அளந்த மண்ணின் சேர்க்கையும் அனார்த்தசைட் இனத்தையே சார்ந்திருந்தது. இதை நாமக்கல் ஜில்லாவின் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாணவர் கவனிக்க வேண்டியது அதிலுள்ள முறை. நிலவைச் சுற்றும் கலம் அங்கிருந்து பிரதிபலிக்கும் ஒளியைத்தான் அளக்க முடியும். அந்த ஒளி எந்தப் பாறையைக் குறிக்கிறது என்று சொல்ல, கையில் பிடித்து, தட்டிப் பார்த்து, ஒளியில் வைத்து அளந்த ஒரு பாறை பூமியில் இருக்க வேண்டும். நிலவை வாசிப்பதற்கான அரிச்சுவடியின் ஓர் எழுத்து சித்தம்பூண்டியில் கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. வானிலிருந்து பார்க்கும் வித்தைக்கு ஆதாரமே தரையில் கண்ட பிரத்தியட்சம்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் களப்பயணங்கள் நின்றுபோய், பல கல்லூரிகள் திரையிலேயே மலையேறின. அது கட்டாயத்தால் விளைந்தது. முழு மாற்றாக அதைக் கொள்ள எவரும் துணியவில்லை. ஆனால் அந்த அனுபவத்தில் ஒரு நியாயம் ஒளிந்திருந்தது. கொல்லிமலையின் சரிவில் ஏற முடியாத உடற்குறை உள்ள மாணவர், இரவு தங்கும் பயணத்துக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத மாணவி, பேருந்துச் செலவைக் கட்ட இயலாத பிள்ளை ஆகியோர் முன்பும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. நண்பர்கள் களத்தில் பதியும் குறிப்புகளையும் புகைப்படங்களையும் உடனுக்குடன் வாங்கி, அவற்றைக் கொண்டு எல்லைக் கோட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பை அத்தகையவரிடம் ஒப்படைக்கலாம். அது இரக்கத்தால் கொடுக்கும் வேலையாக இராது. குழுவில் மிகக் கடினமான வேலையே அதுதான்.

வரிசை மட்டும் மாறாமல் இருக்க வேண்டும் என்பேன். முதலில் திரை: எங்கே போக வேண்டும், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று தீர்மானிக்க. பின்பு கால்: கிணற்றிலும் ஓடையிலும் குவாரியிலும் கண்டு அளக்க. மீண்டும் திரை: கண்டதையெல்லாம் சேர்த்து வைத்து, முன்பு போட்ட கோடுகளைத் திருத்த. முதல் நாள் திரையில் போட்ட படத்தை அழிக்காமல் வைத்திருந்து, கடைசி நாள் படத்தோடு ஒப்பிட்டு, எந்தக் கோடு எதனால் நகர்ந்தது என்று எழுதச் சொல்வது, என் பார்வையில், எந்த வண்ணப்படத்தையும்விட மதிப்புள்ள விடைத்தாள். அமெரிக்கப் பூகர்ப்ப நிபுணர்கள் சிலர் உருவாக்கிய ஸ்ட்ராபோஸ்பாட் போன்ற செயலிகளில் ஒவ்வொரு அளவையும் புகைப்படமும் இடத்தோடு சேர்ந்து பதிவாகின்றன. அத்தகைய வசதி இல்லாவிட்டால், க்யூஜிஐஎஸ் அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே ‘கண்டது’, ‘ஊகித்தது’, ‘மறைந்தது’ என்று ஒரு பத்தியைச் சேர்க்க ஐந்து நிமிஷம் போதும்.

தடையாக நிற்பது மென்பொருளன்று, மதிப்பெண். செய்முறைத் தேர்வில் நிறைவாகவும் அழகாகவும் இருக்கும் படத்துக்கே கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று மாணவர் நம்பும்வரை, அவர் விட்டகோடு போடமாட்டார். போட்டால் வேலை முடியவில்லை என்று பரீட்சகர் நினைத்துவிடுவாரோ என்னும் அச்சம் அவருக்கு. புதுச்சத்திரத்துச் சமவெளியை உள்ளபடியே வரைந்தால் அந்தத் தாளில் விட்டகோடுகளே அதிகமாக இருக்கும்; கிணறு இருக்கும் இடங்களில் மாத்திரம் சிறிது தூரம் முழுக்கோடு ஓடி, மறுபடி அறுபடும்.